தாடை மூட்டு நோயும் அதன் ஏதுக்களும்

உண்பதும் உரைப்பதும் வாயின் இருபெருந் தொழில்கள். இவ்விரண்டிற்கும் அச்சாணியாக நிற்பது தாடை மூட்டு. கண்ணின் அருமையை நாம் அறிவோம். இதயத்தின் அருமையையும் அறிவோம். காதிற்குச் சற்று முன்னே, கன்னத்தின் தோலுக்குக் கீழே ஓயாது உழைக்கும் இம்மூட்டை மட்டும் நினைப்பதே இல்லை. அது நோவெடுத்து, ஒரு கவளம் சோற்றை மெல்லுவதும் பெருந்துன்பமாகும் போதுதான் அப்படியொரு மூட்டு உண்டென்பதே நமக்கு நினைவிற்கு வருகின்றது.

பல் மருத்துவம் பயிலும் மாணவன் என்ற முறையில் இந்நோயைப் பற்றிச் சில செய்திகளை மன்றத்து நண்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, இந்நோய் முதியோரைவிட இளைஞரையும் நடுத்தர வயதினரையுமே மிகுதியாகப் பற்றுவது. அதாவது நம் போன்றோரைப் பற்றுவது. இரண்டாவது, என் ஊரைப் பற்றியது. நான் கோட்டுகாலைச் சேர்ந்தவன். நெய்யாற்றின்கரை வட்டத்தில், பாறசாலை வரையில் பரந்து கிடக்கும் எல்லைப்புற ஊர்களுள் அதுவும் ஒன்று. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியே திருத்தி அமைக்கப்பட்டபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆகவே வீட்டிலே தமிழும் கடைவீதியிலே மலையாளமுமாக வாழும் குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் இன்றும் உள்ளன. நோயை ஒரு மொழியில் உணர்ந்து மற்றொரு மொழியில் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய நிலை அவர்களுடையது. ‘காதுக்குள்ளே குடைகிறது’ என்று சொன்னால் காதைப் பார்ப்பார்கள். ‘கடைவாய்ப் பல் வலிக்கிறது’ என்று சொன்னால் பல்லைப் பார்ப்பார்கள். நோவின் உறைவிடமோ இரண்டிற்கும் நடுவே கிடக்கும்.

மூட்டின் அமைப்பு

காதின் முன்புறத்தில் இரு விரல்களை வைத்து வாயை மெல்லத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கடியில் ஒரு குமிழ் உருண்டு முன்னே நகர்வதை உணரலாம். அதுவே கீழ்த்தாடை எலும்பின் தலை. மண்டையோட்டின் பொட்டெலும்பிலுள்ள ஒரு குழியில் அது பொருந்தி இயங்குகின்றது. எலும்புக்கும் எலும்புக்கும் இடையே நார்ப்பொருளால் ஆன மெல்லிய தட்டு ஒன்று மெத்தை போல அமைந்துள்ளது. அத்தட்டு மூட்டை மேலறை, கீழறை என இரண்டாகப் பிரிக்கின்றது. வாயைத் திறக்கத் தொடங்கும்போது கீழறையில் தாடைத் தலை கதவுக் கீல் போலச் சுழல்கின்றது; மேலும் அகலத் திறக்கும்போது மேலறையில் தட்டும் தலையும் சேர்ந்து முன்னோக்கி வழுக்குகின்றன. சுழற்சியும் வழுக்கலும் ஒன்றாக நிகழும் இத்தகைய மூட்டு உடலில் அரிது. அதனினும் அரிது, வலமும் இடமுமாக உள்ள இரு மூட்டுகளும் ஒரே எலும்பின் இரு முனைகளாக இருப்பது. ஒன்று இயங்க மற்றொன்று ஓய்வெடுத்தல் இயலாது. ஒரு நுகத்தில் பூட்டிய இரு காளைகளைப் போன்றவை அவை.

இம்மூட்டை இயக்குபவை மெல்லும் தசைகள். அவற்றுள் தலையாயவை நான்கு இணைகள். பல்லைக் கடித்தால் கன்னத்தில் புடைத்தெழுவது ஒன்று. நெற்றிப்பொட்டில் விசிறி போல விரிந்து கிடப்பது மற்றொன்று. தாடையின் உட்புறத்தே மறைந்திருப்பவை ஏனைய இரண்டு. இவை யாவற்றிற்கும் ஆணை கொண்டு வருவது மூளையினின்று புறப்படும் ஐந்தாம் நரம்பின் கீழ்த்தாடைக் கிளை. அதே கிளைதான் கீழ்ப்பற்களிலிருந்தும் காதின் முன்புறத்திலிருந்தும் பொட்டிலிருந்தும் நோவுச் செய்தியை மூளைக்குச் சுமந்து செல்கின்றது. ஒரே கம்பியில் பல வீட்டுச் செய்திகள் வந்தால் எவ்வீட்டுச் செய்தி எது என்று மயங்குவது இயல்பன்றோ? தசையின் நோவைப் பல்வலி என்றும், மூட்டின் நோவைக் காதுவலி என்றும் நாம் மயங்குவதற்கு இதுவே காரணம்.

நோயின் குறிகள்

தாடை மூட்டு நோய் என்பது ஒரு தனி நோயன்று. பல நோய்களுக்கு இட்ட பொதுப்பெயர். 2014-இல் பன்னாட்டு அறிஞர்கள் வெளியிட்ட நோயறி முறை, இவற்றுள் பரவலாகக் காணப்படும் 12 வகைகளை வரையறுத்துள்ளது. மாணவர் நினைவில் கொள்ள அவற்றை மூன்று கூட்டங்களாக அடக்கிக் கூறலாம். மெல்லும் தசைகளின் நோவு முதற் கூட்டம்; அதுவே மிகப் பரவலானது. இடைத்தட்டு தன் இடம் பெயர்வதும், தாடைத் தலை நழுவுவதும் இரண்டாங் கூட்டம். மூட்டெலும்பு தேய்ந்து கெடுவது மூன்றாங் கூட்டம்.

மெல்லும்போதும் கொட்டாவி விடும்போதும் நோவு, காலையில் எழும்போது கன்னம் கனத்திருத்தல், பொட்டில் தலைவலி, வாய் முழுவதும் திறவாமை, திறந்த வாய் மூட மறுத்தல் ஆகியவை பொதுவான குறிகள். மூட்டில் ‘டக், டக்’ என்று ஒலி கேட்பதைக் கண்டு பலர் அஞ்சுகின்றனர். நோவும் தடையும் இல்லாத வெறும் ஒலிக்கு மருத்துவம் தேவையில்லை. நலமாக உள்ளோர் பலரிடமும் அவ்வொலி உண்டு.

தாடை நழுவுவதை முன்னோரும் அறிந்திருந்தனர். சுசுருத சங்கிதையும் கிரேக்க நாட்டு ஹிப்போகிரட்டீசின் நூல்களும் அதற்கு மருத்துவம் கூறுகின்றன. தென்திருவிதாங்கூரின் வர்ம ஆசான்மாரும் இத்தகைய மூட்டு நழுவல்களைக் கைத்திறத்தால் சரிசெய்து வந்தனர். எனினும் நழுவலும் இல்லாது, வீக்கமும் இல்லாது, நாட்பட நின்று வாட்டும் நோவுக்கு விளக்கம் தேடும் முயற்சி இருபதாம் நூற்றாண்டிலேதான் உரம் பெற்றது.

பழைய கொள்கையும் அதன் வீழ்ச்சியும்

1934-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரத்துக் காது மூக்குத் தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன் என்பார் 11 நோயாளிகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். கடைவாய்ப் பற்களை இழந்தமையால் தாடை பின்னோக்கி அமுங்கி, காதின் அருகேயுள்ள நரம்புகளை நெருக்குகின்றது. அதனாலேயே காதடைப்பும் தலைவலியும் தோன்றுகின்றன என்பது அவர் கொள்கை. அவர் சொன்ன உடற்கூற்று விளக்கம் தவறென்று சில ஆண்டுகளிலேயே மெய்ப்பிக்கப்பட்டது. ஆயினும் ‘பற்களின் பொருத்தமே மூட்டு நோயின் வேர்’ என்ற எண்ணம் மட்டும் பல பத்தாண்டுகள் நிலைத்துவிட்டது. அதன் பயனாக நல்ல பற்கள் அராவப்பட்டன; சில பிடுங்கவும்பட்டன.

1950-களில் நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாஸ்லோ சுவார்ட்ஸ் என்பார் பல்லைவிடத் தசையின் இறுக்கத்திற்கே முதன்மை தந்தார். 1969-இல் டேனியல் லாஸ்கின் என்பார் மன அழுத்தம் பற்கடிப்பை விளைக்கின்றது, பற்கடிப்பு தசையைக் களைப்புறச் செய்கின்றது, களைத்த தசை நோகின்றது என்று ஒரு சங்கிலித் தொடரை வகுத்தார். இன்று பற்பொருத்தத்திற்கு இந்நோயில் சிறு பங்கே உண்டு என்பதும், சில வேளைகளில் மூட்டு கெடுவதாலேயே பற்பொருத்தம் மாறுகின்றது என்பதும் அறிஞர் பலரின் துணிபு. விளைவைக் காரணமாகக் கொண்ட பிழைக்கு இஃது ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

இக்கொள்கைப் போரெல்லாம் ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. எனக்கு மதினி முறையான ஒருவர் எங்கள் ஊரில் இருக்கின்றார். வலப்பக்கக் கடைவாயில் தீராத வலி என்று ஒரு சிற்றூர் மருத்துவ நிலையத்திற்குச் சென்றார். ஒரு பல்லை எடுத்தார்கள், வலி போகவில்லை. அடுத்த பல்லையும் எடுத்தார்கள். வலி அப்படியே நின்றது. ஓராண்டு கழிந்து வேறொரு மருத்துவர், பல்லை விட்டுவிட்டுக் கன்னத்துத் தசையை இரு விரலால் அழுத்தினார். ‘இதுதான், இதே வலிதான்’ என்று மதினி துள்ளினார். ‘எப்போதாவது பல்லைக் கடிப்பதுண்டா?’ என்று மருத்துவர் கேட்டார். ‘பல்லக் கடிச்சிக்கிட்டுத்தானே டாக்டரே குடும்பத்த நடத்துதேன்’ என்பது மதினியின் விடை. அவர் வழக்குமொழியாகத்தான் சொன்னார். ஆனால் அவ்விடையில் நோயின் வரலாறு முழுவதும் அடங்கியிருந்தது. துன்பத்தைப் பொறுத்தலுக்குப் ‘பல்லைக் கடித்துக்கொண்டிருத்தல்’ என்று பெயரிட்ட நம் மொழி, இந்நோயின் ஏதுவை மருத்துவருக்கு முன்பே கண்டுகொண்டது போலும்!

ஏது என்பது யாது?

இங்கே ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். காரணம் வேறு, ஏது வேறு. காசநோய்க்குக் குறிப்பிட்ட ஒரு நுண்ணுயிர் காரணம். அஃதில்லாமல் அந்நோய் இல்லை. ஆனால் தாடை மூட்டு நோய்க்கு அத்தகைய தனிக்காரணம் ஒன்றும் இல்லை. நோய் வருவதற்கான வாய்ப்பை மிகுவிக்கும் நிலைமைகள் பல உண்டு. அவற்றையே நான் ஏதுக்கள் என்கின்றேன். மழைக்காலத்தில் வழுக்கும் படிக்கட்டு, மங்கிய விளக்கு, தேய்ந்த செருப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஒருவன் விழக்கூடும், விழாமலும் போகலாம். ஒன்றை நீக்கினாலும் விழும் வாய்ப்புக் குறையும்.

ஒரு நிலைமை ஏதுவா அன்றா என்று அறிவது எப்படி? நோயுற்றோர் நூறு பேரையும் நலமுள்ளோர் நூறு பேரையும் ஒப்பிட்டு, ‘நோயுற்றோர் உறக்கமின்றி வாடுகின்றனர், ஆகவே உறக்கமின்மை நோயை விளைக்கின்றது’ என்று கூறிவிடலாமா? கூடாது. வலியினாலேயே உறக்கம் கெட்டிருக்கலாம் அல்லவா? முட்டையா கோழியா என்னும் இச்சிக்கலைத் தீர்க்க ஒரு நல்ல வழி உண்டு. நலமாக இருப்போரை முன்னரே ஆராய்ந்து குறித்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, அவருள் எவருக்கு நோய் வருகின்றது என்று காண்பதே அது.

அவ்வாறு நிகழ்த்தப்பெற்ற பேராய்வு அமெரிக்காவின் ‘ஆப்பெரா’ ஆய்வு. வட கரோலினா, மேரிலாந்து, பஃபலோ, புளோரிடா ஆகிய நான்கு பல்கலைக்கழகங்கள் அதில் பங்கு கொண்டன. தாடை நோவு இல்லாத 18 முதல் 44 வயது வரையுள்ளோரை 2006 முதல் சேர்த்தனர். அவருள் 2,737 பேரைத் தொடர்ந்து கண்காணித்தனர். 260 பேருக்குப் புதிதாக நோய் தோன்றியது. ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ நால்வர் என்பது கணக்கு. 2013-இல் வெளிவந்த முடிவுகள் பழைய நம்பிக்கைகள் பலவற்றை அசைத்தன.

ஏதுக்கள் ஒவ்வொன்றாக

முதலாவது, பால். மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளுள் பெண்களே மிகுதி. ஆனால் ஆப்பெரா ஆய்வில் புதிதாக நோயுற்றோரை நோக்கினால், ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே வேறுபாடு சிறிதாகவே இருந்தது. இதனால் நாம் உணர்வது யாது? நோய் தொடங்குவதில் உள்ள வேறுபாட்டைவிட, தொடங்கிய நோய் நீங்காமல் நிலைத்துவிடுவதில்தான் பெண்களின் பங்கு மிகுகின்றது போலும். நெருப்புப் பற்றுவது ஒன்று. அணையாமல் எரிவது மற்றொன்று.

இரண்டாவது, அடிபடுதல். தாடையில் அடியோ அதிர்ச்சியோ பட்டவர்க்கு நோய் வரும் வாய்ப்பு, படாதவர்க்கு உள்ளதைவிட ஏறத்தாழ 4 மடங்கு என்று ஆப்பெரா ஆய்வின் தொடர்ச்சி 2019-இல் காட்டியது. அடி என்றதும் மோட்டார் விபத்தை மட்டும் எண்ணற்க. தாடையை மீறித் திறந்த பெருங்கொட்டாவி, பல் மருத்துவரின் நாற்காலியில் நெடுநேரம் வாய் திறந்திருத்தல், அறுவையின்போது தொண்டையில் குழாய் செலுத்துதல் ஆகியனவும் இதில் அடங்கும். ஞானப்பல் எடுக்கச் செல்லும் நண்பர்கள் இடையிடையே வாயை மூடி ஓய்வெடுக்க இடம் கேட்டுப் பெறுதல் நன்று.

மூன்றாவது, தேவையற்ற தாடைப் பழக்கங்கள். பகலில் தன்னையறியாமல் பல்லோடு பல்லை இறுக்குதல், நகம் கடித்தல், பேனா முனையைக் கடித்தல், ஓயாமல் சூயிங்கம் மெல்லுதல், தாடையைக் கையில் தாங்கி நெடுநேரம் அமர்தல் ஆகியன இவ்வகை. நலமாக உள்ளவர் வாய் மூடியிருக்கும் போதும் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். மெல்லும்போதும் விழுங்கும்போதும் மட்டுமே அவை தொடுகின்றன. அந்நேரத்தையெல்லாம் கூட்டினாலும் நாளொன்றுக்கு அரைமணியை எட்டாது. அந்த அரைமணி வேலைக்காக அமைந்த தசையைப் படிக்கும்போதும் எழுதும்போதும் மணிக்கணக்காக இறுக்கி வைத்தால் அது நோகாமல் என்ன செய்யும்?

உறக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதும் இவ்வகையில் சேர்வதே. ஆனால் பகற்கடிப்புக்கும் நோவுக்கும் உள்ள தொடர்பு போல, இரவுக்கடிப்புக்கும் நோவுக்கும் உள்ள தொடர்பு அத்துணைத் தெளிவானதன்று. இரவெல்லாம் பல் கடித்தும் நோவே அறியாதவர் பலர். குழந்தைகள் உறக்கத்தில் பல் கடித்தால் ‘வயிற்றில் பூச்சி’ என்று பூச்சி மருந்து கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். பெரும்பாலான குழந்தைகளுக்கு அப்பழக்கம் வளர வளரத் தானே நின்றுவிடும். புகையும் மதுவும் மிகுதியான காப்பியும் இரவுக்கடிப்பை மிகுவிப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன.

நான்காவது, உறக்கம். ஆப்பெரா ஆய்வில் நோய் வருவதற்கு முன்னரே பலரது உறக்கத்தின் தரம் படிப்படியாகச் சீர்கெட்டு வந்தமை காணப்பட்டது. வலியால் உறக்கம் கெடுகின்றது என்பது உண்மையே. உறக்கம் கெட்டபின் வலி வருகின்றது என்பதும் உண்மை என்று இதனால் விளங்குகின்றது.

ஐந்தாவது, உடலின் பிற நோவுகள். அடிக்கடி தலைவலி, இடுப்புவலி, குடல் எரிச்சல் ஆகியவை உடையோர்க்குத் தாடை நோவு வரும் வாய்ப்பு மிகுதி. பல்வேறு சிறு உடற்குறைகளை எந்நேரமும் உணர்ந்து வருந்தும் இயல்பே ஆப்பெரா ஆய்வில் மிக வலிய முன்னறிகுறியாக நின்றது. பற்பொருத்தத்தை அளந்துகொண்டிருந்த காலம் போய், ‘உனக்கு வேறெங்கே வலிக்கின்றது?’ என்று கேட்கும் காலம் வந்தமைக்கு இதுவே காரணம். தாடை நோவு தாடையின் நோய் மட்டுமன்று. நோவை உணரும் நரம்பு மண்டலத்தின் நோயும் ஆகும்.

ஆறாவது, மனத்தின் நிலை. கவலையும் மன அழுத்தமும் சோர்வும் ஏதுக்களே. ஆனால் ‘உன் வலி வெறும் மனப்பிரமை’ என்று எவரையும் இகழ்வது அறியாமை. கவலை தசையை இறுக்குகின்றது, உறக்கத்தைக் கெடுக்கின்றது, நோவின் வாயிலை அகலத் திறக்கின்றது. வலி மெய்யான வலியே. தேர்வுக்காலத்தில் விடுதி அறைகளில் தலைவலி மாத்திரை தேடும் நண்பர்கள், அந்நேரத்தில் தம் பற்கள் எங்கே இருக்கின்றன என்று ஒருமுறை நோக்குவார்களாக!

ஏழாவது, பிறப்புவழி. குறிப்பிட்ட ஒரு மரபணுவே இந்நோயைத் தருகின்றது என்று எவரும் காட்டவில்லை. சிறு சிறு பங்காற்றும் மரபணுக்கள் பல இருக்கலாம். மூட்டுகள் இயல்பிலேயே தளர்ந்து, விரலைப் பின்னோக்கி மடக்க வல்லவர்க்குத் தாடைத் தட்டும் எளிதில் இடம் பெயரக்கூடும்.

வேறொரு நோய்: பாக்கும் வாய்ச்சுருக்கமும்

வாய் திறவாமை எல்லாம் மூட்டு நோயன்று. எங்கள் பகுதியில் முறுக்கான் கடை இல்லாத சந்தியைக் காண்பது அரிது. கடலுக்குப் போவோரும் வயலில் நிற்போரும் வெற்றிலை பாக்குடன் புகையிலை சேர்த்து மென்று களைப்பாறுவர். பின்னாளில் சரிகைப்பொட்டலங்களில் பாக்குத்தூளும் வந்து சேர்ந்தது. பாக்கை நாட்பட மெல்லுவோர்க்குக் கன்னத்தின் உட்தோலுக்குக் கீழே நார்த்திசு வளர்ந்து இறுகி, வாய் சிறுகச் சிறுகச் சுருங்கும் ஒரு நோய் உண்டு. 1952-இல் சுவார்ட்ஸ் என்பார் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் இதனைக் கண்டெழுதினார். மறு ஆண்டே பம்பாயைச் சேர்ந்த ஜோஷி என்பார் நம் நாட்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார். பாக்கிலுள்ள அரிக்கோலின் முதலிய பொருள்களே இதற்கு அடிப்படை என்று பின்னர்த் தெளிவாயிற்று.

இஃது ஏன் அஞ்சத்தக்கது? கேரளத்து எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்நோயுள்ள 66 பேரை 17 ஆண்டுகள் கண்காணித்தனர், அவருள் 7.6 விழுக்காட்டினருக்கு வாய்ப்புற்று தோன்றியது என்று 1985-இல் வெளியிட்டனர். 2004-இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத வெறும் பாக்கே மனிதர்க்குப் புற்றுநோய் தருவது என்று வகைப்படுத்தியது. கேரளம் 2012-இல் குட்காவைத் தடை செய்தது.

ஆகவே இரண்டையும் பிரித்தறிதல் உயிர் காக்கும் அறிவாகும். மூட்டு நோயில் காதின் முன்னோ கன்னத் தசையிலோ அழுத்தினால் நோகும். வாயின் உட்தோல் இயல்பாகவே இருக்கும். பாக்கு நோயில் காரமும் சூடும் பட்டால் வாய் எரியும். உட்கன்னம் வெளிறி, விரலால் தடவினால் கயிறு போல் திரிகள் தட்டுப்படும். நாக்கை நீட்டுவதும் குறையும். மூட்டு நோய் என்றெண்ணிப் பாக்கு நோய்க்காரர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு காலம் கடத்தினால் இழப்புப் பெரிது.

இதனை நம் மாவட்டமே உலகிற்குக் காட்டியது என்று சொல்லலாம். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1996-இல் தொடங்கி, மாவட்டத்தின் 13 ஊராட்சிகளில், பயிற்சி பெற்ற ஊழியர் வீடுதோறும் சென்று வாயைக் கண்ணால் பார்த்துச் சோதிக்கும் பேராய்வை நடத்தியது. புகையிலை அல்லது மதுப் பழக்கமுடையோரிடையே வாய்ப்புற்றால் நேரும் இறப்பு, சோதனை நடந்த ஊராட்சிகளில் 34 விழுக்காடு குறைந்திருந்தது என்று 2005-இல் வெளியிட்டனர். பெரிய பொறி ஒன்றும் இல்லை. விளக்கொளியும் பழகிய கண்ணுமே கருவிகள்.

செய்யத்தக்கனவும் தகாதனவும்

தாடை மூட்டு நோயுற்றோருள் மிகப் பலர் எளிய முறைகளாலேயே நலம் பெறுகின்றனர். சில கிழமைகளுக்கு மென்மையான உணவு, வெந்நீர் ஒத்தடம், தாடைக்கு ஓய்வு, மருத்துவர் கற்பிக்கும் மெல்லிய பயிற்சிகள் ஆகியன போதும். எங்கள் ஊர் வழக்கில் சொன்னால், முறுக்கையும் கரும்பையும் ஒதுக்கிவிட்டு, குழைய வெந்த மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்புமாகச் சில நாள் கழிப்பது துன்பமன்று; இன்பமே! ‘உதடு மூடியிருக்கட்டும், பல் விலகியிருக்கட்டும்’ என்பதை ஒரு சீட்டில் எழுதிப் படிப்பு மேசையில் ஒட்டி வையுங்கள். கொட்டாவி வரும்போது முகவாயை உள்ளங்கையால் தாங்குங்கள்.

2023-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த வழிகாட்டுதல், நாட்பட்ட தாடை நோவுக்கு மனப்பயிற்சி முறைகளையும், தேர்ந்தவர் மேற்பார்வையில் செய்யும் தாடைப் பயிற்சிகளையும், தசையைக் கையால் தளர்த்தும் முறையையும் வலியுறுத்துகின்றது. திரும்பப் பெற இயலாத மாற்றங்களையும் இடைத்தட்டை அகற்றும் அறுவையையும் வேண்டாவென விலக்குகின்றது. இவ்விலக்குக்குப் பின்னே ஒரு துன்ப வரலாறு உண்டு. 1980-களில் அமெரிக்காவில் இடைத்தட்டுக்கு மாற்றாக டெஃப்லான் கலந்த செயற்கைப் பொருளைப் பலருக்குப் பொருத்தினர். அது மெல்லும் சுமையால் துகளாகி, சுற்றியுள்ள எலும்பையே அரித்தது. 1990-இல் அந்நாட்டு அரசு எச்சரிக்கை விடுக்கும் முன்னரே பலர் நிலையான ஊனத்திற்கு ஆளாகிவிட்டனர். ஆகவே ‘பல்லை அராவிவிட்டால் சரியாகும்’, ‘மூட்டைத் திறந்துவிட்டால் சரியாகும்’ என்று முதல் நாளிலேயே எவரேனும் கூறினால், மற்றொரு மருத்துவரின் கருத்தையும் கேட்காமல் இசையாதீர்கள். திருவனந்தபுரத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி உண்டு. அங்கே இதற்கெனப் பயின்ற ஆசிரியர்கள் உள்ளனர்.

காத்திராமல் மருத்துவரிடம் ஓடவேண்டிய நிலைகளும் உண்டு. வாய்த்திறப்பு நாளுக்கு நாள் சுருங்கினாலும், காய்ச்சலோடு கன்னம் வீங்கினாலும், முகம் மரத்தாலும் தாமதம் கூடாது. நடக்கும்போது தோன்றி நின்றவுடன் தணியும் தாடை நோவு இதயத்தின் குரலாக இருக்கலாம். ஆணி குத்தியோ புண்பட்டோ சில நாளில் வாய் இறுகினால் அது இரணஜன்னி என்னும் கொடிய வாய்ப்பூட்டு நோயாகலாம். இவற்றையெல்லாம் ‘தாடைப்பிடிப்பு’ என்று ஒரே பெயரால் அழைத்துச் சும்மா இருத்தல் ஆகாது.

உங்களுக்கு எளிய சோதனை ஒன்று. நடு மூன்று விரல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக அடுக்கி முன்பற்களிடையே வைத்துப் பாருங்கள். நலமான வாய் 40 மில்லிமீட்டருக்குக் குறையாமல் திறக்கும். மூன்று விரல்களும் நோவின்றி நுழையும். இரண்டே நுழைந்தால் பல் மருத்துவரைக் காண்பது நன்று. விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது இச்சோதனையை வீட்டிலுள்ள பெரியோர்க்கும் செய்து பாருங்கள். பாக்கு மெல்லும் பாட்டனார்க்கும், காதுக்குள் குடைகிறது என்று நெடுநாளாய்ச் சொல்லிவரும் அத்தைக்கும் உங்கள் விரல்கள் மூன்றே பெரிய உதவியாகலாம். கற்றதைக் கற்றவிடத்திலேயே விட்டுவராமல், தாய்மொழியில் எடுத்துச் சென்று வீட்டு முற்றத்தில் சொல்லுவதே மாணவர் கடன்.